நாற்பத்தைந்து வாட்

இரண்டையும் ஒரே நாளில்தான் வாங்கினோம்,
உலான்பாத்தரில், கணினிக் கடைகள் மட்டுமே இருக்கும்
ஒரு கட்டடத்தின் மூன்றாம் தளத்தில்.
பில்கூனுக்கு மேசைக் கணினி, இடுப்புயரப் பெட்டியோடு.
எனக்கு மடிக்கணினி.
இரண்டின் சிப்புக்கும் ஒரே பெயர், ஒரே எண்.
என்னுடையதில் மட்டும் எண்ணுக்குப் பின்னால்
ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது.

எங்களுக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்து
பெயருக்கு முன்னால் நடக்கும்.
இது பின்னால் வந்தது.
யார் வீட்டுப் பிள்ளை இது என்று கேட்டேன்.
கடைக்காரி யஞ்சின் சிரிக்கவில்லை.
"நாற்பத்தைந்து வாட்டின் பிள்ளை. அவருடையது இருநூறு தின்னும்."

பதினான்கு நாள் சுரங்கம், பதினான்கு நாள் வீடு.
கோபி முகாமில் நான் ஓட்டும் லாரியின் சக்கரம்
என்னைவிட இருமடங்கு உயரம்.
மடிக்கணினி என்னோடு விமானம் ஏறும்,
கம்பளிக் காலுறைகளுக்கு நடுவே.
பில்கூனின் பெட்டியை யார் தூக்குவது?
ஒன்பதாம் மாடியில்,
நகரத்து வெந்நீர்க் குழாய் கொதிக்கும் அறையில்,
விரலகலம் திறந்த ஜன்னல் வழியே
மைனஸ் முப்பதை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்,
விருந்து முடிந்தும் எழுந்திருக்காத மாமா மாதிரி.

இரவு ஒன்பதுக்கு ஒரே விளையாட்டுக்குள் இறங்குவோம்.
இடையே ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர் இருட்டு.
முதல் இருபது நொடி
எது யாருடையது என்று சொல்ல முடியாது.
அவனுக்கு ஐந்து கிகாஹெர்ட்ஸ், எனக்கும் ஐந்து.
பிறகு என் விசிறி கத்தத் தொடங்கும்.
நடக்க வைக்கும் விசை விரல் நுனியைச் சுடும்.
நான்கு. மூன்றரை. மூன்று.
பனிப்புயலுக்குள் அவன் நூற்று நாற்பது ஃபிரேமில் ஓடுவான்;
நான் அறுபதில் பின்தொடர்வேன்,
ஒவ்வொரு பனித்துகளையும் நலம் விசாரித்தபடி.

"உன்னோடது சோம்பேறி" என்பான்.
அவன் சுமை ஏற்றியவன் இல்லை.
முந்நூறு டன்னோடு சரிவு ஏறுகையில்
எஞ்சின் சூடேறினால்
லாரி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.
எவ்வளவு மிதித்தாலும் கேட்காது.
முதல் வாரம் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.
இப்போது அந்த முனகல் கேட்டால்
காலை நானே தளர்த்துகிறேன்.

மற்ற வேலைகளில் வித்தியாசம் தேடித் தோற்றோம்.
சம்பளச் சீட்டு திறப்பது,
மகள் ஆடிய வீடியோவை அத்தைக்கு அனுப்புவது,
இருபது டேப் விரித்துக் குளிர்கால பூட்ஸ் விலை பார்ப்பது.
இரண்டுமே கண்ணைத் திறக்காமல் செய்து முடிக்கும்.
இருநூறு வாட்டுக்காரர் அங்கே கொட்டாவி விடுகிறார்.
அடுப்பு என்று சொன்னால் பில்கூனுக்குக் கோபம் வரும்.

ஜனவரியில் ஒரு வியாழன்.
அறைத்தோழி நொமுந்தாரி கெட்டிலுக்காக
என் பிளக்கைப் பிடுங்கினாள்.
பேட்டரிக்கு மாறியதும் அறுபது பாதியானது.
அதே நிமிடம் நகரத்தில் மின்சாரம் போனது.
எனக்கு எப்படித் தெரியும்?
பாலத்தின் நடுவில் பில்கூன்
வாளை ஓங்கியபடி நின்றுவிட்டான்.
ஓநாய்கள் வந்தன.

அவன் உருவத்தைச் சர்வர் வெளியேற்ற
மூன்று நிமிடம் ஆகும்.
மூன்று நிமிடம், இருபத்தாறு ஃபிரேம்.
ஓநாய்கள் இங்கே இருந்தன, பிறகு அங்கே இருந்தன,
நடுவில் எங்கே இருந்தன என்று தெரியவில்லை.
குத்துமதிப்பாகத்தான் வெட்டினேன்.
நான்கு விழுந்தன. ஐந்தாவது அவன் தோளைக் கடித்தது.
நொமுந்தாரி பால் தேநீரில் உப்பைப் போட்டபடி
"அது வெடிக்காதே?" என்று கேட்டாள்.

பிறகு போன்.
"செத்துட்டேனா?"
"பாதி."
"எத்தன ஃபிரேம் வந்தது?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது,
ஜன்னலை அடைக்கும் சத்தமும்.
"பெட்டி இன்னும் சூடாத்தான் இருக்கு," என்றான்,
"மேல கைய வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்."