அஞ்சாவது ஈ

பிணத்துக்கு ஊற்றும் மருந்தை
ஐஸில் கலக்கிறார்களாம்.
பாம்பன் சந்தையில் மூன்று நாளாய்
மீன் விலை கேட்க ஆளில்லை.

வந்த அதிகாரி
செவுளில் காகிதம் ஒற்றி
நிறம் மாறக் காத்திருந்தார்.
போன் வந்தது, போய்விட்டார்.
காகிதம் நகரை மேலேயே கிடக்கிறது.

காலண்டர் அட்டையால்
இத்தனை வருஷம் ஈ ஓட்டிய மிக்கேலம்மாள்
இன்று அட்டையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"மருந்து மீன்ல ஈ ஒக்காருமா தாயி?
எண்ணிப் பாரு. நாலு.
அந்தா, அஞ்சாவது வருது."

ஹமீதா குனிந்து எண்ணினாள்.
எண்ணிவிட்டுக்
கோழிக்கடைப் பக்கம் நடந்தாள்.
ஊசிக் கோழியாம் என்று யாரோ சொல்ல
நடுவழியில் நின்றாள்.

ராத்திரி
விற்காத நகரை குழம்பில் கொதித்தது.
சின்ன மகன் தட்டை முகர்ந்தான்.
அம்மா முதல் வாய் வைக்கட்டும் என்று
சும்மா உட்கார்ந்திருந்தான்.