ஒன்பதாம் கிணறு

மெண்டரஸ் ஆறு நெளிந்து போகும் பள்ளத்தாக்கில்
ஒரு முள்கம்பி வேலி.
உள்ளே ஒன்பதாம் கிணறு, ஹந்தான்.
வெளியே அத்தித் தோப்பு, பெர்ரின்.
ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்.
மூன்று வருடமாகப் பேச்சு
மழை வருமா வராதா என்பதைத் தாண்டவில்லை.

பூமிக்கடியில் கொதிக்கும் நீரை இழுத்து
மின்சாரம் எடுக்கிறார்கள்.
கரி இல்லை, சாம்பல் இல்லை,
'சுத்தமான சூடு' என்று
பேருந்து நிறுத்தத்தில்கூட எழுதியிருக்கிறது.
பெர்ரின் தன் வெள்ளித் தோட்டைக் கழற்றி
வேலிக்கு மேலே பிடித்தாள்.
ஒரே கோடையில் கறுத்துப்போன வெள்ளி.
"இதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

ஹந்தானுக்குத் தெரியும்.
கீழே பளிங்கு.
வெந்நீரில் ஊறி ஊறி அது விடும் மூச்சுதான்
நீரோடு ஏறி வருகிறது.
கோலி சோடாவின் கழுத்தில்
கட்டைவிரலை அழுத்தியதுபோல
உஸ்ஸென்று வானத்துக்கு.
மலைக்குள் கல்லாகக் கிடந்தது
மேலே வந்து
ஊரார் வெயிலில் ஒரு நூலளவு சேர்கிறது.

மார்ச்சில், அத்தி துளிர்த்த வாரம்,
குழாயைத் திருப்பினார்கள்.
வாயுவைப் பிடித்து, ஆறிய நீரில் கரைத்து,
வந்த ஆழத்துக்கே அனுப்பினார்கள்.
குடித்த சோடாவை
மறுபடி புட்டியில் அடைக்கிற வேலை.
அழுத்தமானியின் முள் அறுபதில் நின்றது.
ஹந்தான் இரண்டு இரவு
அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

கூடவே ஒரு சிட்டிகை அடையாள மருந்து.
பதினோராம் கிணற்றில் தினம் ஒரு குப்பி நீர் பிடித்து
திரும்பி வருகிறதா என்று பார்த்தார்கள்.
நாற்பத்தாறாம் நாள் வந்தது.
கொஞ்சம்தான்.
அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில்
ஆய்வகத்துக்கும் அலுவலகத்துக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

"இன்னும் வெள்ளையா எழும்புதே?"
"அது நீராவி."
"போனது எவ்வளவு காலம் உள்ளே கிடக்கும்?"
"தெரியாது."

மூன்று வருடத்தில் ஹந்தான்
தெரியாது என்று சொன்னது அப்போதுதான்.
பெர்ரின் வேலியருகே வந்து நின்றாள்.
அத்தி பூத்தாற்போல என்போம் நாம்,
காணக் கிடைக்காததை.
ஆனால் அத்தி பூக்காமலில்லை.
காய்க்குள்ளே, இருட்டில்,
யார் எண்ணினாலும் எண்ணாவிட்டாலும்.

மறுநாள் பெர்ரின் சந்தைக்குப் போய்
புது வெள்ளித் தோடு ஒன்று வாங்கினாள். ஒற்றைத் தோடு.
வேலியை ஒட்டிய கிளையில்
நூல் கட்டித் தொங்கவிட்டாள்.
"அறுவடை வரைக்கும் பார்க்கலாம்."

ஜூன் பாதி ஆகிவிட்டது.
தோடு வெள்ளையாகத்தான் இருக்கிறது.
ஓரத்தில் மட்டும் ஒரு மங்கல்,
இலை நிழலோ என்னவோ.
ஹந்தான் தினமும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து
மறுபடி போட்டுப் பார்க்கிறாள்.