உறுப்பினர் எண்ணிக்கை: ஒன்று

லெங்கோக் பாரு, வாடகை புளோக்,
ஒன்பதாம் மாடி.
நடைபாதையில் இருபத்திரண்டு கதவுகள்.
முடித்த படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி,
பூட்டிய கதவுக்கு ஒன்றும் கிடையாது.

நான் நடக்க நடக்க
கையிலிருக்கும் கணினிப் பலகை
சுவருக்குப் பின்னாலிருக்கும் இணைப்புகளின் பெயர்களை
மோப்பம் பிடித்துக் காட்டுகிறது.
டான் குடும்பம். நூருல் 5ஜி.
யாரோ ஒரு புண்ணியவான் வைத்த பெயர்
'சொந்தமா வாங்கு'.
மொத்தம் ஐந்தே ஐந்து.
மற்றதைக் கதவு தட்டித்தான் கேட்க வேண்டும்.
(என் வீட்டில் போன மாதம் துண்டித்துவிட்டார்கள்.
அதைக் கேட்க எந்தப் படிவமும் வரவில்லை.)

பதினான்காவது கதவு.
ஓர் அறை, இரண்டு ஒண்டி ஆட்கள்,
வீவக சேர்த்துவைத்த ஜோடி.
நடுவில் முதுகு காட்டி நிற்கும் அலமாரி,
அலமாரி எட்டாத இடத்தில்
மீன் படம் போட்ட குளியலறைத் திரை.
படிவத்தின் கணக்கில்
இது ஒரு வீடு, இரண்டு குடும்பம்,
குடும்பத்துக்கு ஒருவர்.

சன்னல் பக்கத்துக் குடும்பம் திரு. கோ.
அறுபத்தெட்டு வயது.
காப்பிக்கடையில் தட்டு எடுத்தவர்,
இப்போது முட்டிவலி.
எனக்கு ஹொக்கியன் வராது, அவருக்கு ஆங்கிலம் வராது,
பாசார் மலாயில் சமாளித்தோம்.
இன்டர்நெட்?
'தாடா.'
கைப்பேசியிலாவது?
'தாடா, தாடா.'
அவருடைய தலையணை
சன்னமான குரலில் சீனக் கூத்து பாடிக்கொண்டிருந்தது.
மேளம் வந்த இடத்தில்
அதன்மேல் கையை வைத்து அழுத்தினார்.
நான் 'இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டேன்.
கேட்டதை மட்டும் பதியச் சொல்லித்தான் பயிற்சி;
தலையணையிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

கதவுப் பக்கத்துக் குடும்பம் தூக்கத்தில் இருந்தது.
துவாஸில் இரவுக் காவல்.
ஆறு மணிக்கு வரச் சொன்னது திரைக்குப் பின்னிருந்து ஒரு கை.

ஆறு மணிக்கு மரியதாஸ்
சீருடைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.
திரு. கோ கீழே இறங்கிப் போயிருந்தார்.
வயது ஐம்பத்து மூன்று.
மணமுறிவு என்று அவர் சொல்லவில்லை,
நான் வாசித்தேன், தலையாட்டினார்.
இணைப்பு உண்டு. மாதம் தவறாமல் கட்டுகிறார்.
மகள் பெர்த்தில்; ஞாயிற்றுக்கிழமை முகம் காட்டுவாள்.

இந்த இணைப்பை எத்தனை பேர் பயன்படுத்துகிறீர்கள்?

இஸ்திரிப்பெட்டி காலரில் நின்றது.
துணி தீயும் வாசனை வரும்வரை
மீன்களைப் பார்த்தார்.
'ரெண்டு' என்றார்.

'முன்னாடி மக பேருதான் கடவுச்சொல்லு.
அவருக்கு அடிக்க வரல, பாவம்.
எட்டு எட்டா மாத்திட்டேன்,
சீனங்களுக்குப் பிடிச்ச நம்பரு.
பெட்டி மேலயே எழுதி ஒட்டியும் வச்சேன்.
திருடுறதா நெனச்சுக்கிட்டிருக்காரு மனுஷன்.
இருக்கட்டும்.
கூப்பிட்டுக் குடுத்தா நிறுத்திடுவாரு.'

இரண்டு என்று போட்டேன்.
திரையில் சிவப்பு:
பயனர்கள் உறுப்பினர்களை மிஞ்சக்கூடாது. சரிபார்க்கவும்.
மறுபடி போட்டேன். மறுபடி சிவப்பு.
ஒன்று என்றால் உடனே போய்விடும்,
கூலியும் வந்துவிடும்.
'பெரிய தப்பா, மேடம்?' என்றார் மரியதாஸ்.
இயந்திரக் கோளாறு என்றேன்.

புளோக்கின் கீழே, கல்மேசையில்,
இரண்டு பேர் சதுரங்கம் ஆட
ஆறு பேர் ஆட்டத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.
அவர்களில் ஒருவர் திரு. கோ.
சிவப்பு அணையாத பலகையோடு நான் வருவதைப் பார்த்து
எழுந்து வந்தார்.
அவன் வேலைக்குக் கிளம்பியாச்சா, என்று
குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

இன்னும் இல்லை, சட்டை தேய்க்கிறார்.

ஓ, என்றார்.
சட்டைப்பையில் இருந்த கைப்பேசியை
வெளியிலிருந்தே ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு
அடுத்தவர் குதிரையை எங்கே வைப்பது என்று சொல்லித்தர
மறுபடி போய் நின்றார்.