நாலு மதகு

கொரடாச்சேரியில்
நெல் வராத மாதங்களில் சும்மா கிடந்த கிடங்கு.
வாடகை நூற்றிருபது. எலிகள் தனி.
சுவரெல்லாம் சாக்கு அடித்தேன், நாலு அடுக்கு.
எதிரொலி செத்தது.
தவிட்டு வாசனை மட்டும் எல்லாப் பாட்டிலும் இருந்தது,
கேட்பவர்களுக்குத் தெரியாமல்.

அதுவரை ஒலிப்பதிவு என்றால்
ஒரே மைக், எல்லாருக்கும் ஒரே மூச்சு.
டோலக் தும்மினால்
மாதா மேல் தும்மியதாகும்.
மறுபடி முதலிலிருந்து.

எண்பத்தாறு புரட்டாசி.
கூத்தாநல்லூர் அபுல் பரக்கத்
சிங்கப்பூர் சபர் முடிந்து வந்தார்,
கம்பளிக்குள் சுற்றிய பெட்டியோடு.
விரலகலம்கூட இல்லாத நாடாவில்
நாலு தடம்.
ஒருவர் பாடியதன் பக்கத்தில்
இன்னொருவர் இன்னொரு நாள் வந்து பாடலாம்,
ஆளில்லாத ஆளோடு.

"அட, முறைப்பாசனம்" என்றான் வேதையன்.
பகலில் வெட்டாற்று மதகில் லஸ்கர்.
இரவில் என்னிடம்.
எந்த ஃபேடரை எவ்வளவு திறப்பதென்று
நான் சொல்லித் தரவே இல்லை.
அங்குலம் அங்குலமாய் ஏற்றுவான்,
கடைமடைக்காரன் சண்டைக்கு வராத அளவுக்கு.

எதிரே அரிசி மில்.
அது ஓடினால் வோல்டேஜ் படுக்கும், நாடா சோம்பும்,
பாட்டு அரைக்கட்டை இறங்கும்.
ஆகவே பத்து மணிக்கு மேல்தான் பதிவு.
பத்து மணிக்கு மேல் தவளைகள்.
இரண்டில் ஒன்றைத்தான் எங்களால் நிறுத்த முடிந்தது.

அடுத்த வருஷம் தாளப்பெட்டி.
டோலக் குஞ்சிதபாதம் அதைச் சுற்றி வந்தார்.
"மழைக்கு இறங்காதா?"
இறங்காது.
"வெற்றிலைக்கு எழுந்திரிக்காதா?"
எழுந்திரிக்காது.
"அப்ப நான் எழுந்திரிக்கிறேன்."
போய்த் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்து
அது கணக்காய் அடித்த இடத்துக்கெல்லாம்
ஒரு மயிரிழை தள்ளித் தட்டினார், வேண்டுமென்றே.
சம்பளத்தைக் குறைக்க எனக்கு வாய் வரவில்லை.

ரெஜினா.
கீழ்வேளூர் ஆஸ்பத்திரி நர்ஸ், ஏழாம் மாதம்.
வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குள் கேசட் வர வேண்டும்.
முதல் தடத்தில் பல்லவி.
மூச்சு போதாமல் 'கரையிலே' என்பதைக்
'கரை' என்று விட்டு,
வயிற்றைப் பிடித்துக்கொண்டு,
'யிலே' என்றாள்.
எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கு இல்லை.
அன்றிரவே இரண்டாம் குரல், மூன்றாம் குரல், எல்லாம் அவளே.
ஹெட்ஃபோனில் தன்னைக் கேட்டபடி
தனக்குக் கோரஸ் பாடினாள்.
நாலாவதில் தாளமும் ஆர்மோனியமும்.
பல்லவியை மட்டும்
பெற்றுப் பிழைத்து வந்து திருத்துகிறேன் என்று போனாள்.

ஆடியில் வந்தாள். நீண்ட மூச்சு.
வேறு தடம் ஏது,
பழையதன் மேலேயே பதித்தோம்.
சிவப்பு விளக்கு, மூன்றரை நிமிடம்,
அவ்வளவுதான் அழிப்பது.

கலக்கும்போது வேதையன் கை நின்றது.
"சார், உள்ளே யாரோ இருக்காங்க."
மூன்றாம் தடத்தைத் தனியாகத் திறந்தோம்.
கோரஸ் வாய் திறக்குமுன், நூலளவு,
ஹெட்ஃபோனிலிருந்து மைக்குக்குக் கசிந்து
பழைய ரெஜினா:
கரை

யிலே.

"எந்த ஷட்டர் சார் முழுசா அடைக்கும்" என்று
பீடியைத் தேடினான்.
அதை எடுத்தால் கோரஸும் போகும். விட்டுவிட்டோம்.
ஆயிரத்தைநூறு கேசட். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் கண்டுபிடித்தாள்.
பகல் டூட்டிக்கு நடுவே சீருடையோடு வந்து
பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு
அந்த இடத்தையே திருப்பித் திருப்பிப் போடச் சொன்னாள்.
திருத்தவா என்றேன்.
பதிலுக்குச் சத்தத்தைக் கூட்டினாள்.
இரைச்சலும் கூடியது, தவளைகளும்.

எதிரே மில் ஓட ஆரம்பித்தது.
அரைக்கட்டை இறங்கி
ஆண்குரல் போல ஆனது 'யிலே'.
"இப்ப இது யாரு?" என்று சிரித்தாள்.
பிள்ளை ஸ்பீக்கரைப் பார்த்தது.