வெளியாள் விலை

கிருமாம்பாக்கத்தில் என் வண்டிக் கம்பெனியின் சார்ஜர்
மூன்றாவது வாரமாக வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறது.
ஒன்பது சதவீதம்.
டிக்கியில், மரக்காணத்தில் ஏற்றிய இறால் குஞ்சுகள்,
முப்பதாயிரம்,
ஆக்ஸிஜன் அடைத்த பைகளில், விடியும்வரை உயிர்.

முள்ளோடை.
பிராந்திக் கடை விளக்குகள் முடிந்து
தமிழ்நாடு தொடங்கியது.
ரெட்டிச்சாவடியில் போட்டிக் கம்பெனியின் நிலையம்.
‘எங்கள் வண்டிகளுக்கு மட்டும்’ என்றிருந்த பலகையில்
புதன்கிழமை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருக்கிறார்கள்.
ஈரத்தில் ஒரு மூலை எழும்பி
‘ம’ மட்டும் தெரிந்தது.

அவர்கள் வண்டிக்கு வாய் மூக்கருகே.
என்னுடையதற்கு இடது விலாவில்.
கேபிள் ஒரு முழம் எட்டவில்லை.
காவலுக்கிருந்த இஞ்ஞாசி
‘குறுக்கே போடுங்க’ என்றார்.
போட்டேன், இரண்டு வண்டி இடத்தில்,
பந்தியில் காலை நீட்டி உட்கார்ந்தவன் மாதிரி.

ஆப். மறுபடி ஆப். ஓடிபி.
அவர்களுக்கு யூனிட் பதினாறு,
வெளியாளுக்கு இருபத்து நாலு.
வெளியாள் என்றே போட்டிருந்தார்கள்.
எனக்குப் பழகிய சொல்தான்; பணம் கட்டினேன்.
திரையில்: அறியாத வாகனம்.
அதன் கீழே, அதே மூச்சில்: சார்ஜ் ஏறுகிறது.

பதினாலாம் நிமிடம் அவர்கள் வண்டி ஒன்று வந்தது, வெள்ளை.
கண்ணாடி இறங்கியது. நெல்லிக்குப்பம் பல் டாக்டராம்.
‘இதெல்லாம் இங்க ஏறுமா?’
‘புதன்கிழமையிலேருந்து ஏறுது.’
‘எங்ககிட்ட யாரும் சொல்லலையே.’
டிக்கியைத் திறந்து காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தார்.
இமை முடி நீளத்தில், நிற்காமல், முப்பதாயிரம் பேர்.
கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கடிகாரத்தைப் பார்த்தார்.

நாற்பத்தொன்றில் பிடுங்கினேன்.
எண்பது வரை ஏற்றலாம்தான்;
பரங்கிப்பேட்டைக்கு இது போதும்.
கேபிள் இளஞ்சூடு. அவர் கையில் கொடுத்தேன்.
‘வணக்கம், டாக்டர் குணவதன்’ என்றது திரை.
இஞ்ஞாசி சிரித்தார்:
‘மூணு வருஷமா நிக்கிறேன்.
என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்ல.’

ஆல்பேட்டை செக்போஸ்ட்.
‘டிக்கியில என்ன, பாட்டிலா?’
‘இறால் சார்.’
போலீஸ்காரர் தெர்மாகோலில் காதை வைத்துக் கேட்டார்.
பிறகு பானட்டில் கை வைத்து,
‘வண்டி ஓடுதா, நின்னுபோச்சா?’
‘ஓடுது.’
‘சத்தமே காணோம்’ என்றார்,
இரண்டையும் சேர்த்து.
கையசைத்தார்.

பெண்ணைப் பாலத்தில் காற்று.
முப்பத்தொன்பது.