ரீடிங் எடுப்பவள்

என் வேலை வாசிப்பது.
சோஃபியாவின் மேற்குத் தொகுதிகளில்
மாதம் தொள்ளாயிரம் மீட்டர்.
எண்களைக் குறித்தது போக
மிச்சமிருக்கும் கண்ணால் சுவர்களைப் பார்ப்பேன்.

இந்த எட்டு மாடிக் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.
குளிருக்குப் பயந்து ஆளாளுக்குத்
தங்கள் சுவருக்கு மட்டும் தெர்மோகோல் ஒட்டிப்
பூசியிருக்கிறார்கள்.
நாலாம் மாடியில் ஒரு சதுரம் பீச் நிறம்,
அதன் தோளில் ஒரு பச்சை,
நடுவே பழைய சாம்பல் கான்கிரீட்
பல் விழுந்த இடம்போல.
பீச் நிறத்துக்குப் பணம் ஸ்டுட்கார்ட்டிலிருந்து வருகிறது.
பச்சைக்கு, மகள் கிழவர்களைக் குளிப்பாட்டும்
வலென்சியாவிலிருந்து.
சாம்பல் வீட்டிலிருந்து யாரும் எங்கும் போகவில்லை.
கூரை ஒழுகுகிறது.
அது எல்லோருக்கும் சொந்தம் என்பதால்
யாரும் தொடுவதில்லை.
இரண்டு முறை கூட்டம் போட்டார்கள்.
ஒரு வாளி வாங்கினார்கள்.

வாசல் கதவில் இரங்கல் தாள்கள்.
இங்கே செத்தவர்கள் அவ்வளவு சீக்கிரம்
கதவை விட்டுப் போவதில்லை.
நாற்பது நாள், ஆறு மாதம், பதினோரு வருடம் என்று
படத்தோடு புதுப்பித்து ஒட்டிக்கொண்டே இருப்பார்கள்.
மழையில் டிராம் ஓட்டுநர் க்ரூமின் முகம்
நீலமாகிவிட்டது.
அவர் மீட்டர் மட்டும் மாதம் இருபது யூனிட் ஓடுகிறது.
பூட்டிய வீட்டில் ஒரு ஃப்ரிட்ஜ்.
உள்ளே என்ன என்று கேட்பது
என் வேலை அல்ல.

மூலையில் ஜிவ்காவின் கடை.
நிலவறை ஜன்னல்தான் கல்லா.
தொழிற்சாலைகள் மூடிய வருடங்களில்
கடை போட வேறு இடம் கிடைக்காதவர்கள்
நடைபாதை மட்டத்தில் ஒரு ஜன்னலைத் திறந்தார்கள்.
வாங்குபவர் குந்த வேண்டும்.
நீதிபதிக்கும் சிகரெட் வேண்டுமென்றால் குந்தத்தான் வேண்டும்.
தேவாலயத்தில்கூட நாங்கள் இப்படி மடங்குவதில்லை.
ஜிவ்கா இருபத்தெட்டு வருடமாய்
கணுக்கால்களுக்கு ரொட்டி விற்கிறாள்.
தையல் விட்ட ஷூ வந்தால்
கேட்காமலே கடன் நோட்டை எடுப்பாள்.
புது ஷூ வந்தால் பழைய பாக்கியைக் கேட்பாள்.

தண்டவாளம் தாண்டினால் ரோமா மக்களின் பேட்டை.
அங்கே மீட்டர்கள் சுவரில் இல்லை.
நாலு ஆள் உயரக் கம்பத்தின் உச்சியில்.
திருடுவார்கள் என்று எங்கள் கம்பெனி
தூக்கி மாட்டியது.
இந்தப் பக்கம் என் நெஞ்சுக்கு நேரே இருக்கும் பெட்டி
அந்தப் பக்கம் காக்கைக்கு நேரே.
இரண்டு பக்கத்து மனிதரும் ஒரே உயரம்தான்.

பைனாகுலரோடு அண்ணாந்து நின்றேன்.
செவ்தா, ஒன்பது வயதிருக்கும்,
சட்டையை இழுத்தாள்.
"எங்க வீட்டு நம்பரை நானே பாக்கறேன்."
கொடுத்தேன்.
நாலு, சைபர், ஏழு, ஏழு என்றாள்.
அம்மா வீட்டுக்கு வெளியே வந்து
அந்த நான்கு எண்களையும் முதல்முறை கேட்பவள்போல் நின்றாள்.

பிறகு செவ்தா மெல்லத் திருப்பினாள்
தண்டவாளத்துக்கு அப்பால்.

"ஆறாம் மாடி. எல்லாரும் பால்கனிய கண்ணாடி வச்சு மூடிட்டாங்க,
இது மட்டும் திறந்து கிடக்கு.
கொடியில ஒரே ஒரு சட்டை. ஒரே ஒரு துண்டு.
டிஷ் வானத்தப் பாக்காம தரையப் பாக்குது.
அந்த வீட்ல ஆள் இல்ல."

இருக்கு, என்றேன்.

"அப்ப செத்துட்டாங்களா?
கதவுல தாள் ஒட்டியிருக்கா?"

பைனாகுலரை வாங்கி உறையில் போட்டேன்.
மாலை அலுவலகத்தில் பார்த்தால்
நாலு சைபர் ஏழு ஏழை
இரண்டு வீட்டுக்கு எழுதியிருக்கிறேன்.

திரும்பும் வழியில் ஜன்னல் முன் குந்தினேன்.
முழங்கால் சத்தம் போட்டது.
ரொட்டி கேட்டேன், ஒரு டஜன் துணி கிளிப் கேட்டேன்.
ஜிவ்கா ஜெரேனியத் தொட்டி ஒன்றையும்
கேட்காமலே நடைபாதைக்குத் தள்ளினாள்.
காசு அப்புறம் என்றாள்.

நோட்டு தலைகீழாய்த் தெரிந்தது.
ஏழு வருடமாய் வாங்குகிறேன், அதில் என் பெயர் இல்லை.
பழுப்பு பூட்ஸ், என்று இருந்தது.
இடது குதி தேய்ந்தது.