அடையாள அட்டை அளவில் ஒரு சூரியன்

கொகிம்போ துறைமுகத்தில்
மீன் சந்தைக்குப் பின்னால் சுனில்தாவின் ஸ்டூடியோ.
இருபத்தாறு வருடமாக அதே சொற்கள்:
நிமிருங்கள். சிரிக்காதீர்கள். காது தெரியட்டும்.
இமைக்காதீர்கள் என்று மட்டும் சொல்லமாட்டாள்.
சொன்னால் எல்லோரும் இமைப்பார்கள்.

ஜூலை இரண்டாம் தேதி கடையைப் பூட்டி,
வாடகை லென்ஸை மடியில் கிடத்தி,
லா இகேராவுக்குப் பேருந்து ஏறினாள்.
லென்ஸின் ஒருநாள் வாடகை
நாற்பது முகங்கள்.

மொட்டை மலை. கள்ளி. கூடாரங்கள்.
எம்பனாதா சுடும் எண்ணெய் வாடை.
ஜெர்மனியிலிருந்து ஒரு பேருந்து நிறைய முக்காலிகள்.
யாருடைய வரைபடத்தையோ
ஓர் ஆடு தின்றுகொண்டிருந்தது.
சுனில்தா முக்காலிக் காலுக்குக் கல் முட்டுக்கொடுத்தாள்.
லென்ஸின் வாயில் கறுப்பு ஃபில்டரை வைத்து
டேப்பால் மூன்று சுற்று சுற்றினாள்,
காற்று பிடுங்கிக்கொண்டு போகாதிருக்க.
அந்த மூன்றாவது சுற்றை நினைவில் வையுங்கள்.

மூன்றரைக்கு முன்பே முதல் கடி,
ஆரஞ்சு வட்டத்தின் ஓரத்தில் நகக்கண் அளவு.
ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்தாள்.
பதினைந்து நாள் தேய வேண்டியது
ஒரு மணி நேரத்தில் தேய்ந்தது.
வெயில் இருந்தது, அதில் வெயில் இல்லை.
பக்கத்தில் நின்றவரின் மீசையை
முடி முடியாக எண்ணலாம்போல் நிழல் கூர்ந்தது.
பிடரியில் குளிர்.

பிறகு கடல் பக்கத்திலிருந்து
அது ஏறி வந்தது.

அவள் பார்க்கவில்லை.
வலது கண் கேமராவுக்குள்;
இடது கண் இறுக மூடி, தொழில் பழக்கம்.
கேமராவுக்குள் இருட்டு.
ஓ, இதுதானா, என்று நினைத்தாள்.
இவ்வளவு இருட்டா.
அழுத்தினாள். அழுத்தினாள்.
சுற்றிலும் ஜனம் அலறியது.
ஒருவன் அம்மாவைக் கூப்பிட்டான்.
ஆட்டின் மணி நின்றுபோனது.
ஜெர்மன்காரர் ஒருவர் அவள் தோளைத் தொட்டு
அவர் மொழியில் என்னவோ சொன்னார்,
வேகமாக, இரண்டு முறை,
லென்ஸைத் தட்டித் தட்டி.
ஆமாம், அழகு, அழகு, என்று
கண்ணை எடுக்காமல் தலையாட்டினாள்.

திரும்பும் பேருந்தில் பார்த்தாள்.
நாற்பத்து மூன்று படங்கள். நாற்பத்து மூன்றும் கறுப்பு.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பார்கள்;
அவள் மறைத்தே விட்டிருந்தாள்,
மூன்று சுற்று டேப்பில்.

கணினியில் வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்ததில்
பச்சையும் ஊதாவுமாய் மணல்தான் வந்தது.
ஹீட்டரைப் பற்றவைத்தாள். தேநீர் போட்டாள். குடிக்கவில்லை.
நள்ளிரவுக்கு மேல் அந்தக் கறுப்பில் ஒன்றை
அடையாள அட்டை அளவில்
தாளுக்கு எட்டாக அச்சடித்து,
ஒன்றை வெட்டி,
மணப்பெண்ணுக்கும் மாலுமிக்கும் நடுவே
கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் படுத்தாள்.

இதேதான், இப்படியேதான் இருந்தது, என்றாள்
மீன்காரி லுத்கார்தா.
சுனில்தா மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை நொல்பெர்த்தோ வந்தார்,
தாமிரச் சுரங்கம், ஓட்டுநர் உரிமத்துக்குப் படம் வேண்டும்.
கண்ணாடியில் மூக்கு ஒட்டக் குனிந்தார்.
எங்கள் நான்காம் தளத்தை எப்போது எடுத்தீர்கள்?

ஷிப்ட் மாற்றித் தரவில்லையாம்.
ரேடியோவில் மேலேயிருந்து நேரம் சொன்னார்களாம்.
மேஸ்திரி சொன்னாராம்:
நாம் மட்டும் ஏன் விட்டுப்போக வேண்டும்,
தலைவிளக்கை அணையுங்கள்.
பதினோரு பேர், இரண்டரை நிமிடம்.
ஒருவர் இருமினார். யாரோ சிரித்தார்.

என்ன தெரிந்தது, என்று கேட்டாள்.

என்ன தெரியும்? ஒன்றும் இல்லை.
முதல் விளக்கு எரிந்தபோதுதான் பார்த்தேன்,
அத்தனை பேரும்
பாறையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

அவள் ஸ்டூலைக் காட்டினாள்.
நிமிருங்கள். காது தெரியட்டும்.
அடுத்ததைச் சொல்ல மறந்துவிட்டாள்.

திங்களன்று மறுபடி வந்தார்.
அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளவில்லை,
சிரித்திருக்கிறேனாம்.